கருக்கலுக்குப் பிறகு?

அவருக்கு அவருடைய வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் பாவித்து நான் கேட்டதில்லை. புத்தளம் உப்பளத்துப் பக்கம் போய் ‘பிறகு நானா’ எங்கே என்று கேட்டால் ஆடு மேய்க்கிறவன்கூடக் கையை நீட்டிக் காட்டுவான். நானா என்பது அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனுக்குச் சொல்வது. ‘பிறகு’ அவர் தாமே சம்பாதித்துக்கொண்டது.

யாராவது ஒரு பயத்தைச் சொன்னால் அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: “பிறகு?” ஆறுதல் சொல்ல மாட்டார். அல்லாஹ் காப்பான் என்றும் சொல்ல மாட்டார். அதற்குப் பள்ளிவாசலில் ஆள் இருக்கிறது என்பார். ‘பிறகு’ மட்டும்தான். தேத்தண்ணிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்பார். கண்ணைக்கூட உயர்த்த மாட்டார்.

அது சண்டைக் காலம். யப்பான்காரனின் விமானம் எந்த நேரமும் வரலாம் என்று நாடே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் உப்பு மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் நானாவின் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் வந்து குந்தினார். முகத்தில் ரத்தமில்லை.

“நானா, யப்பான்காரன் வரப்போறானாம்.”

“பிறகு?”

“குண்டு போடுவான்.”

“பிறகு?”

“உப்பளம், கடைத்தெரு எல்லாம் போயிடும்.”

“பிறகு?”

“நாங்களும் மவுத்தாப் போவம்.”

“பிறகு?”

வண்டிக்காரர் சற்று யோசித்தார். “பிறகென்ன, கபுறுக் குழிதான்.”

“பிறகு?”

“கேள்வி கணக்கு.”

“பிறகு?”

“நல்லது செஞ்சிருந்தா சொர்க்கம்.”

“அப்ப யப்பான்காரன் வந்தா நீ சொர்க்கத்துக்குப் போற. இதுக்கா காலங்காத்தால மூஞ்சயத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த?”

வண்டிக்காரருக்கு முகம் தெளிந்தது. பாதித் தேத்தண்ணியில் மறுபடி சுருங்கியது. “நல்லது செய்யாட்டி, நானா?”

“அது யப்பான்காரன்ட குத்தமில்ல” என்றார் நானா.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். எல்லா நேரமும் நன்றாக இராது. ஒருமுறை களப்பில் மீன் பிடிக்கப் போன ஒருவர் மதியம் வரை திரும்பவில்லை. அவருடைய பெண்சாதி கடை வாசலில் வந்து நின்று அழுதாள். காற்று மாறிவிட்டது, தோணி கவிழ்ந்திருக்கும் என்றாள். நானா வாய் தவறி, “பிறகு?” என்றார். கடைக்குள் தொங்கிய சாக்குப் படங்கு விலகியது. ஒரு சிரட்டை அகப்பை பறந்து வந்து அவருடைய காதோரம் பட்டது. மீன்பிடிக்கப் போனவர் சாயங்காலம் வந்து சேர்ந்தார். நானாவின் காது வீக்கம் வடிய நாலு நாள் எடுத்தது.

அகப்பையை எறிந்தவர் அவருடைய மனைவி. அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ராத்தாவின் உலகம் அந்தப் படங்குக்குப் பின்னால். தேத்தண்ணி ஊற்றுவது அவர்தான். படங்கின் இடைவெளியால் ஒரு கை கோப்பையை நீட்டும், ஒரு குரல் “சூடு, பாத்து” என்னும். ஒரு வருடமாக எனக்கு ராத்தா என்றால் ஒரு கையும் ஒரு குரலும்தான். அந்தக் குரல் புருஷனின் ‘பிறகு’வைக் கேட்டாலே எரிந்து விழும். “கலியாணம் முடிச்ச நாளேலருந்து இந்த ஒரு சொல்லுதான். எனக்குப் பசிக்குது எண்டாலும் பிறகு எண்டு கேக்கிற மனிசன்” என்று படங்குக்குப் பின்னாலிருந்து எங்கள் எல்லோருக்கும் முறையிடுவார்.

ராத்தாவுக்கு ஒரு ஆசை இருந்தது. தையல் மெஷின். பதினொரு வருடமாக அந்த ஆசை. ஊரில் பாதிப் பேருக்குச் சட்டையும் பாவாடையும் கையாலேயே தைத்துக் கொடுத்தார். நானாவுக்குக் கடையை ஒட்டி இரண்டு உப்புப் பாத்திகள் குத்தகைக்கு இருந்தன. ஒவ்வொரு வருடமும் உப்பு விளையும்போது மெஷின் பேச்சு எழும்பும். ஒரு வருடம் வரம்பு உடைந்தது, இன்னொரு வருடம் நானாவுக்குக் காய்ச்சல். இந்த வருடம் பாத்தி விளைந்த மாதிரி முன்பு விளைந்ததே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கொழும்பில் மெஷின் விற்கிற ஒருவரிடம் சொல்லியும் வைத்தாயிற்று. உப்புப் போனதும் மெஷின் ரயிலேறும். ராத்தா படங்குக்குப் பின்னால் அதற்கு இடம்கூடக் கூட்டி வைத்திருந்தார்.

இனி என்னைப் பற்றி. பெருமைப்பட ஒன்றுமில்லை. இருபத்து மூன்று வயது. சிலாபம் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனார்கள். எனக்குத் தோணியில் கால் வைத்தால் வாந்தி. வேறு வழியில்லாமல் என்னைப் படிக்க வைத்தார்கள். படித்து முடித்துப் புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராக வந்து ஒரு அறை எடுத்து இருந்தேன்.

அந்த வருடம் எனக்குக் காரணமில்லாத ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. யப்பான்காரனைப் பற்றியது என்றால் நாலு பேரோடு சேர்ந்து பயந்திருப்பேன். இது வேறு. பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழி போனதும் அறையைப் பூட்டவில்லை என்று தோன்றும். திரும்பிப் போவேன். பூட்டியிருக்கும். மறுபடி பாதி வழி வந்ததும், பூட்டை இழுத்துப் பார்த்தபோது திறந்துவிட்டேனோ என்று தோன்றும். பாடம் நடத்தும்போது நெஞ்சு தன்பாட்டில் அடித்துக்கொள்ளும். ஏதோ வருகிறது, என்னவென்று தெரியாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்தால் வியாதி, எழுதினால் இலக்கியம் என்று அந்த நாளில் எனக்கொரு நம்பிக்கை. எழுதினேன். ‘இருள்நேசன்’ என்று புனைபெயர் போட்டுக் கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். அந்தப் பெயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நானாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் பத்திரிகை வாங்குவார். திங்கட்கிழமை அது வந்ததும் நான் பள்ளிக்கூடம் போக முன் கடையில் உரக்க வாசிக்க வேண்டும். எனக்குத் தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் இலவசம். செப்டெம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, வழக்கம்போல வாசித்துக்கொண்டு போன நான் நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். என் கவிதை. சுற்றிலும் கட்டம் போட்டிருந்தார்கள்.

தாண்டிப் போகத்தான் பார்த்தேன். “அந்தப் பெட்டிக்குள்ள என்ன ஈக்குது?” என்றார் நானா. அவருக்கு எழுத்துத்தான் தெரியாது, கட்டம் தெரியும்.

“ஒரு கவிதை. உங்களுக்குச் சரிவராது.”

“காசு குடுத்த பத்திரிக. எல்லாத்தையும் வாசி தம்பி.”

வாசித்தேன். அன்று கடையில் வண்டிக்காரர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், உப்பு வாரும் தொழிலாளர் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு புலவனுக்கு இப்படியொரு சபை கிடைக்கக்கூடாது.

கருக்கல் வருகுது, கதவைச் சாத்து.
சாத்திய கதவின் உள்ளேயும் வருகுது.
குவித்ததை எல்லாம் கரைக்க வருகுது.
பெயரே இல்லாத ஒன்று
என் பெயரைச் சொல்லி வருகுது.
வந்த பிறகு சொல்லுதற்கு
வாயும் இராது, நானும் இரேன்.

ஒவ்வொரு வரி முடிவிலும் நானா “பிறகு?” என்று கேட்டார். ஆகையால் ஏழு வரியை வாசிக்க நெடுநேரம் எடுத்தது. முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் நான் மிதந்தேன். நெஞ்சைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

“இது மாமி” என்றார் வண்டிக்காரர். “கதவச் சாத்தினாலும் உள்ளுக்கு வாற, பேரச் செல்லிக் கூப்பிடுற, குவிச்சு வெச்சதக் கரைக்கிற. வேற ஆரு? பாவம், எழுதின புள்ள ஊட்டோட மாப்பிள்ள போல ஈக்குது.”

மோதினார் தலையாட்டவில்லை. “சும்மா பகிடி பண்ணாத. இது மலக்குல் மவுத். உயிர் எடுக்கிற மலக்கு. எழுதினவருக்கு நேரம் கிட்டீட்டு.” எழுதினவன் நான் என்று தெரியாமல், என் முன்னாலேயே எனக்காகத் துஆக் கேட்டு வேண்டினார்.

படங்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “எழுதினவர் ஒழுங்காச் சாப்பிடுறல்ல. வெறும் வயிறு.”

நானாவின் குறை வேறு. “வந்த பிறகு எண்டு அவரே செல்றாரு. நானும் ஆசையாக் காத்துக்கொண்டு ஈந்தன். வந்த பிறகு என்ன எண்டு செல்லல்லயே! வாயில்லையாம். வாயில்லாத மனிசனுக்குப் பத்திரிகேல என்ன வேல?”

எனக்குக் காது சுட்டது. பத்திரிகையை மடித்தேன். அப்போது உப்பு வாருகிறவர்களில் மூத்தவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். “மாஸ்டர், மூணாவது வரிய மறுக்கா வாசிங்க.”

“குவித்ததை எல்லாம் கரைக்க வருகுது.”

“முதல் வரி?”

“கருக்கல் வருகுது.”

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கருக்கல் என்றால் அந்திக் கருக்கல். மனத்தின் இருட்டு என்று பெரிய அர்த்தமெல்லாம் வைத்திருந்தேன். உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்குக் கருக்கல் ஒன்றுதான். மேகம் கறுப்பது. குவித்ததைக் கரைப்பதும் அவனுக்கு ஒன்றுதான்.

“இது மழை” என்றார் மூத்தவர்.

நான் சிரித்துவிட்டேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை. ஏன் என்று அவர் விளங்கப்படுத்தினார். சண்டை தொடங்கிய நாளிலிருந்து மழை, காற்று பற்றிய அறிவித்தலைப் பத்திரிகையில் போட விடுவதில்லை, யப்பான்காரன் வாசித்துவிடுவானாம். கொழும்பில் காலநிலை பார்க்கிற எவரோ உப்புச் சனத்தில் இரக்கப்பட்டு, வெள்ளைக்காரனுக்கு விளங்காத மாதிரிப் பாட்டாகக் கட்டி, கள்ளப் பெயரும் போட்டு, கண்ணில் படக் கட்டமும் அடித்து அனுப்பியிருக்கிறார். எல்லாம் பொருந்திற்று. இருள்நேசன் என்ற பெயர்கூட அவர்களுக்குப் பொருந்திற்று. எனக்கே ஒருகணம் நம்பத் தோன்றியது.

அன்று பின்னேரமே உப்பை வாரத் தொடங்கிவிட்டார்கள். விளைந்த உப்பு இன்னும் ஏழெட்டு நாள் காய வேண்டும்; கனத்து இறுகினால்தான் வெள்ளையாக வரும். முந்தி வாரினால் சேறும் ஈரமுமாக வரும், பாதி கழிவு. அப்படியும் வாரினார்கள். பாதியாவது மிஞ்சட்டும் என்று வரம்பில் குவித்துத் தென்னங்கிடுகு போட்டு மூடினார்கள். செவ்வாய் முடிய நானாவின் இரண்டு பாத்திகள் மட்டும் வாராமல் கிடந்தன. ராத்தா படங்கைக் கிழிக்காத குறையாகச் சத்தம் போட்டார். “ஊர் முழுக்க வாருது. மழ வந்தா?”

“பிறகு?”

“உப்புக் கரையும்.”

“பிறகு?”

“பிறகு எனக்கு மெஷின் இல்ல!”

நானா அதற்கு மேல் கேட்கவில்லை. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் அந்த வழியால் போனபோது அவர் பாத்தியில் இறங்கி, உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

நான் செய்தது என்னவென்று இன்றைக்கு வரை எனக்குத் தெளிவாகத் தெரியும். நல்ல உப்பு வீணாகிறதே என்ற இரக்கம் கால்வாசி இருந்தது. மிச்சம் முக்கால்வாசியும் கர்வம். என் ஆத்மாவைப் பிழிந்து எழுதிய கவிதையை வைத்து ஒரு ஊரே சேறு வாருகிறது. அதைத் தாங்க என்னால் முடியவில்லை.

“நானா, வாராதீங்க. அது மழை இல்லை. அதை எழுதினவன் நான்.”

அவர் பலகையை ஊன்றி அதன்மேல் நாடியை வைத்துக்கொண்டார். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. நான் சொன்னதை அவர் சந்தேகிக்கவே இல்லை. “அப்ப என்னத்தப் பத்தி எழுதின?” என்றார்.

“பயத்தைப் பற்றி.”

“என்ன பயம்?”

“பூட்டவில்லை என்று பயம்.”

“பிறகு?”

“திரும்பிப் போய்ப் பார்ப்பேன்.”

“பிறகு?”

“பூட்டியிருக்கும்.”

“பிறகு?”

“அதுக்குப் பிறகும் பயமாக இருக்கும், நானா.” என் குரல் உடைந்துபோயிற்று. வெட்கக்கேடு.

அவர் அடுத்த ‘பிறகு’வைக் கேட்கவில்லை. உப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்கும் அந்த இடம் தெரியும் தம்பி” என்றார். “அதுக்கு அங்கால போகேலாது. அதான் நான் மத்தவங்கட பயத்தக் கேக்கிற. மத்தவங்கட பயம் எண்டா ஒரு முடிவு வரும். வந்தா எனக்கும் கொஞ்சம் நல்லாயிக்கும்.”

அவரை எல்லோரும் துணிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் பலகையை வரம்பில் சாய்த்து வைத்தார். “நீ செல்ற மாதிரி மழ இல்ல எண்டா நல்லாக் காயட்டும். வெள்ள உப்பா வாருவம்” என்றார். “கவித விசயம் எனக்குள்ளயே ஈக்கட்டும். ராத்தாக்கும் செல்லமாட்டன்.”

வியாழக்கிழமை நடுப்பகலில் மழை வந்தது.

நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓட்டில் முதல் துளி விழுந்ததும் எழுதுகோலைப் போட்டுவிட்டு ஓடினேன். அது பருவ மழைகூட இல்லை. வந்து கொட்டி ஒரு மணித்தியாலத்தில் போய்விட்டது. அதற்கு அவ்வளவு போதும். கிடுகுக்குக் கீழே ஊராரின் சேற்று உப்பு பத்திரமாக இருந்தது. நானாவின் பாத்திகளில் தண்ணீர் தளதளவென்று நின்றது. அவர் முழங்கால் நனைய நடுவில் நின்றார். ராத்தா வரம்பில் நின்றார், தலையில் முந்தானையோடு. நான் அவரை முழுதாகப் பார்த்தது அன்றுதான். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் அகப்பையை எறிவார், கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மெஷினுக்குக் கூட்டி வைத்திருந்த இடத்தில் விறகை அடுக்கினார் என்று பிறகு வண்டிக்காரர் சொன்னார்.

அன்றிலிருந்து நானா ‘பிறகு’ கேட்பதை நிறுத்திவிட்டார்.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்று ஊருக்கு ஒரு வாரத்தில் விளங்கிற்று. வண்டிக்காரர் வந்து, “மாட்டுக்குக் கால் வீங்கீட்டு, நானா” என்பார். நானா கோப்பையைத் துடைப்பார். வண்டிக்காரர் காத்திருப்பார். கேள்வி வராது. வீங்கின கால் வீங்கினபடியே அவர் மனதில் நிற்கும். மாடு சாகவும் மாட்டாது, பிழைக்கவும் மாட்டாது. எல்லோருடைய பயமும் பாதி வழியில் நின்றது. கடைக்கு வருகிறவர்கள் தேத்தண்ணியை மடக்கென்று குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். மோதினார் மட்டும், “மனிசன் இப்பதான் ஒழுங்கா ஈக்கிறான்” என்றார். அதைச் சொன்னபோது அவருக்கே சந்தோஷமாக இல்லை.

என் கதை வேறு திசையில் போயிற்று. இருள்நேசன் ஊருக்கு ஒரு மகான், அவுலியா ஆகிவிட்டார். பத்திரிகையில் வாசகர் கடிதங்கள் வந்தன; அவற்றையும் நானே உரக்க வாசித்தேன். கண்டியிலிருந்து ஒருவர் யாப்புப் பிழை என்று எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்து வைத்தியர் ஒருவர், கவிஞருக்கு இருப்பது மலச்சிக்கல், வெறும் வயிற்றில் ஆமணக்கெண்ணெய் குடிக்கவும் என்றிருந்தார். மட்டக்களப்பில் ஒரு பெண், அந்தக் கவிதையைப் படித்த பிறகு விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது, இப்படி எழுதலாமா என்று கேட்டிருந்தார். அந்த ஒரு கடிதத்தை வாசித்தபோது எனக்குக் குற்றவுணர்வும், வெளியில் சொல்ல முடியாத ஒரு மகிழ்ச்சியும் உண்டாயின. உப்புத் தொழிலாளருக்கு இவர்கள் எல்லோர் மீதும் கோபம். “உசிரக் காப்பாத்தின மனிசன். அவருக்கு ஆமணக்கெண்ண குடுக்கிறாங்களாம்!”

நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று தீர்மானித்தார்கள். எழுதத் தெரிந்தவன் நான்தான். ‘எங்கள் உப்பைக் காத்த பெரியாருக்கு’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு நானே எழுதினேன். கடிதத்தோடு ஏதாவது அனுப்ப வேண்டும் என்றார் மூத்தவர். அவர்களிடம் இருந்தது உப்பு. ஆனால் விளைகிற உப்பையெல்லாம் அரசாங்கத்துக்கே விற்க வேண்டும். ஒரு பிடி வெளியில் போனாலும் வழக்கு. ஆகையால் இரண்டு கொத்து அளவு உப்பைத் துணியில் பொதிந்து மேலே ‘மருந்துப் பொடி’ என்று எழுதச் சொன்னார்கள். பொதியைத் தைக்க உள்ளே கொடுத்தார்கள். படங்குக்குப் பின்னால் ராத்தா தைத்தார். நானா வாங்கின் ஓரத்தில் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“எங்கட பேரையும் போடு தம்பி” என்றார் அவர். அந்த வாரம் அவர் பேசிய ஒரே வாக்கியம் அது. போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, தபாற்காரர் என் அறைக் கதவைத் தட்டி ஒரு பொதியை நீட்டினார். பத்திரிகையின் விலாசத்துக்கு மேல் என் விலாசத்தை ஒட்டியிருந்தார்கள். பத்திரிகை ஆசிரியரின் குறிப்பு ஒன்றும் கூட இருந்தது: ‘தங்கள் ரசிகர்கள் அன்போடு அனுப்பிய மருந்து. தாமதியாமல் உட்கொள்ளவும்.’ துணியின் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் கைத்தையல். ஒரு தையல்கூடக் கோணவில்லை.

அதை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் அறைக்குள் நடந்தேன். கடலில் எறிந்துவிடலாம். களப்பில் எறியலாம், உப்பு உப்போடு சேரும், யாருக்கும் தெரியாது. பூட்டை அன்றைக்கு நான் ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை என்பது பின்னால்தான் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் பொதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் வேறு யாரும் இல்லை. நானா படங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கில் இருந்து வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படங்கின் முன்னால் போய், “ராத்தா, கொஞ்சம் வெளியில வாங்கோ” என்றேன். அப்படி நான் கூப்பிட்டதே இல்லை. அவர் முந்தானையை இழுத்துக்கொண்டு வந்தார். பொதியை நீட்டினேன்.

துணியை வாங்கித் தையல்மீது விரலை ஓட்டினார். அவருக்குத் தன் கைத்தையல் தெரியாதா? மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார், எழுத்துத் தெரியாது. என்னைப் பார்த்தார்.

“இது எனக்குத்தான் வந்தது, ராத்தா. இருள்நேசன் நான்தான்.” நிறுத்தினால் பிறகு சொல்ல முடியாது என்று தெரிந்து கடகடவென்று சொன்னேன். “நானா வாரத்தான் நின்றவர். நான்தான் போய் மழை இல்லை என்று மறிச்சனான். எனக்கு மழையைப் பற்றி ஒண்டும் தெரியாது. என்ட கவிதையை மழை எண்டு சொன்னதால வந்த கோபம். உங்கட உப்புப் போனது என்னால. உங்கட மெஷினும் என்னால.”

அதோடு வாய் நின்றுவிட்டது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ராத்தா பொதியை மடியில் வைத்துக்கொண்டு படங்கின் அருகே அடுப்போரமாகக் கீழே இருந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

நானா திரும்பவில்லை. பாத்தியைப் பார்த்தபடியே, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு மாதமாகப் பாவிக்காத குரலில் கேட்டார்:

“பிறகு?”

ராத்தாவின் கை தன்பாட்டில் அகப்பையைத் தேடிப் போனது. எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அதன் காம்பைப் பிடித்தார். பிறகு அதை விட்டுவிட்டு, கொதித்த தண்ணீரை இறக்கி, ஒரு கோப்பை தேத்தண்ணியை ஊற்றி என் முன்னால் தள்ளினார்.

“கேக்கிறாரெல்லோ” என்றார். “வாயத் தொறந்து செல்லு.”